அந்த நாற்பது விநாடி வீடியோ பற்றி



நீளமான பதிவு. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பந்தியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள். செப்டெம்பர் 12ஆம் திகதி இரவு இந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் மேடையில் முஸ்லிம்களைப் பற்றித் தரக்குறைவாக ஏதோ சொல்கிறார், நாற்பது விநாடி. மேலே "இவருக்கா உங்கள் வாக்கு?" என்று ஒரு வரியும் எழுதியிருந்தேன். அந்த வீடியோ வெட்டப்பட்டது. முழுப் பேச்சில் அதற்கு அடுத்த வசனமே "இப்படியெல்லாம் சொல்லித்தான் உங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்" என்பதுதான். அவர் கண்டித்த கருத்தை அவருடைய கருத்தாக நான் காட்டிவிட்டேன். அந்த வேட்பாளருக்கு நான் வாக்களித்தேனா இல்லையா என்பது வேறு கதை, அதைச் சொல்லமாட்டேன். பிழை என்னுடையது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும். நீங்களும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது என்னிடம் படித்த ஒரு பிள்ளை. இப்போது கத்தாரில் வேலை. இருபத்தாறு நிமிட முழுப் பேச்சையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "சேர், பதினான்காவது நிமிஷத்தில இருந்து பாருங்க. ஊடகம் பற்றி எங்களுக்குப் படிப்பிச்சது நீங்கதானே" என்று ஒரு குரல் பதிவு. அதற்குப் பிறகு ஒரு சிரிப்புப் படம் வேறு. இருபத்திரண்டு வருடமாகக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். ஒரு செய்தியை நம்பமுதல் யார் சொன்னது, எப்போது சொன்னது, முழுவதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வெண்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

வீடியோவை அழித்தேன். ஆனால் அதற்குள் 214 பேர் ஷெயார் பண்ணியிருந்தார்கள். அடுத்த நாள் "நேற்றைய வீடியோ பிழையானது" என்று இரண்டு வரி போட்டேன். அதற்கு 11 லைக், ஒரு ஷெயார். அந்த ஒன்றும் என் வீட்டுக்காரி.

தேர்தல் முடிந்துவிட்டது. நாட்டுக்குப் புதிய ஜனாதிபதி வந்துவிட்டார். ஒருவருக்கும் ஐம்பது வீதம் கிடைக்காமல் முதல்தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு இந்த 214தான் தொண்டையில் சிக்கியிருக்கிறது. ஏனென்றால் ஐந்து வருடமாக ஆசிரியர் ஓய்வறையில் ஊடகங்களைத் திட்டுவதில் முதல் ஆள் நான்தான். திட்டியதில் பிழையில்லை. இன்றும் திட்டுவேன். அதற்கான காரணத்தையும் சொல்லவேண்டும்.

2019ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த வெட்கமும் துக்கமும் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஸஹ்ரானின் கும்பலுக்கு எதிராக 2017இலேயே காத்தான்குடி முஸ்லிம்கள் பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். அது எத்தனை சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது? நான் பார்த்தவற்றில் ஒன்றிலும் இல்லை. பள்ளிவாசலில் வாள் பிடிபட்டது மட்டும் ஒவ்வொரு இரவும் வந்தது. சில இடங்களில் புல் வெட்டுகிற கத்தியும் வாளாகிப்போனது. மே மாதம் 13ஆம் திகதி எங்கள் வடமேல் மாகாணத்தில் ஊர் ஊராகக் கடைகள் எரிந்தன, கொட்டாரமுல்லையில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். அதே வாரம் ஹசலகவில் ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் போட்டிருந்த உடுப்பில் இருந்தது கப்பல் சுக்கான் படம், அதைத் தர்மசக்கரம் என்றார்கள். கைதுசெய்ய முதல் ஒருவராவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கலாம்.

பிறகு மே 23. ஒரு சிங்களத் தினசரியின் முதல் பக்கம். முஸ்லிம் டொக்டர் ஒருவர் 4000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்திருக்கிறார் என்று. பெயர் போடவில்லை, ஆதாரமும் போடவில்லை. அடுத்த நாள் இரவு குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி ஷிஹாப்தீனைக் கைது செய்தார்கள். இரண்டு மாதம் உள்ளே. 4000 சத்திரசிகிச்சையை, கூட நிற்கிற தாதிமார், மயக்கமருந்து டொக்டர் ஒருவருக்கும் தெரியாமல் ஒருவர் எப்படிச் செய்வார் என்று கேட்க ஒரு தொலைக்காட்சியில்கூட ஆள் இருக்கவில்லை. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று சீஐடியினர் நீதிமன்றத்துக்குச் சொன்னார்கள். ஜூலையில் பிணை கிடைத்தது. அந்தச் செய்தியை நான் ஒரு சிங்களப் பத்திரிகையின் உள்பக்கத்தில் பார்த்தேன். தீப்பெட்டி அளவு. போனில் படம் எடுத்து வைத்தேன், இன்னும் இருக்கிறது.

நவம்பர் 16 தேர்தல்.

எனக்குச் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் கடமை. கிடைத்தது முழுக்கச் சிங்களக் கிராமம் ஒன்று. வாக்கெடுப்பு நிலையம் பன்சலையின் தஹம் பாடசாலை மண்டபம். பட்டியலில் இடத்தைப் பார்த்ததும் வீட்டில் உம்மா அழுதுவிட்டா. மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம் என்றார் மச்சான். நான் கேட்கவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், கேட்டால் காரணம் சொல்லவேண்டும், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

15ஆம் திகதி வெள்ளிக்கிழமை. பெட்டி எடுக்கப் போனதில் ஜும்ஆ தவறிப்போய் லுஹர்தான் தொழுதேன். பெட்டி, வாக்குச்சீட்டு, முத்திரை, மை எல்லாம் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேரும்போது பின்னேரம். 35 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு இரண்டடிக்கும் நீளம். என் குழுவில் எல்லோரும் சிங்களவர்கள். பன்சலையின் பெரிய ஹாமதுரு வந்து, தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று காட்டினார். நான் தொழ இடம் தேடுவதை விளங்கிக்கொண்டு, விறாந்தையின் மூலையில் இருந்த வாங்குகளை ஒதுக்கிவிடும்படி ஒரு பையனிடம் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். இதையும் எந்த டீவியும் காட்டாது. காட்டத் தேவையுமில்லை, அது சாதாரண விஷயம்.

இராச்சாப்பாடு பார்சல் வந்தது. குழுவில் ஒரு டீச்சர், முப்பத்தைந்து வயது இருக்கும். என் பார்சலை மட்டும் தனியாக எடுத்துத் தந்து, "சேர், இதில் மீன்தான் இருக்கு. கோழி போடவேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்" என்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, தானாக யோசித்திருக்கிறார். சாப்பிட்டு முடிந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் மேசை கதிரை அடுக்கப் போய்விட்டார்கள், அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்.

முதல் பிள்ளை 2014இல், குருநாகலில், சிசேரியன். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. மாமியார் ஐந்து வருடமாகச் சொல்லாத சொல் இல்லை. மே மாதம் கணவர் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாராம். "அப்போதான் சேர் எனக்கு விளங்கினது, என்னில் பிழையில்லை என்று." அவரும் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறார். பரிசோதனைக்கு வரச் சொன்னார்களாம், பயத்தில் போகவில்லை. உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தது அந்த டொக்டர்தானா என்று கேட்டேன். தெரியாது என்றார். ஆனால் அந்தக் காலத்தில் அவரும் அங்கேதான் இருந்தாராம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களைச் சொல்லல்ல சேர், நீங்க நல்லவர்" என்றார்.

இந்த "உங்களைச் சொல்லல்ல"வை 2019இல் எத்தனை பேரிடம் கேட்டிருப்போம்.

என் போனில் அந்தத் தீப்பெட்டிச் செய்தி இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். நான் சொன்னது இவ்வளவுதான்: "கோர்ட்டில் இன்னும் முடியல்லியே டீச்சர்." அவ்வளவு. அந்த மண்டபத்தில், அந்த இரவில், ஒரு அந்நியப் பெண்ணின் கருப்பையைப் பற்றி ஒரு முஸ்லிம் ஆண் வாதாடுவதா? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம். நுளம்பும் பயமுமாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் வாக்கெடுப்பு ஒரு சத்தமில்லாமல் நடந்தது. காலை 7 முதல் மாலை 5 வரை. அந்த டீச்சர்தான் விரலுக்கு மை பூசினார். கிழவிமாருக்குக் கையைப் பிடித்து வழிகாட்டினார். மாலையில் எனக்குத் தந்த வாக்குச்சீட்டு, வழங்கியது, மிஞ்சியது, பழுதானது எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. கட்சி முகவர்கள் முன்னால் பெட்டிக்கு முத்திரை. இந்த நாட்டில் எனக்கு நம்பிக்கை உள்ள வேலைகளில் இது ஒன்று. உலகத்தில் எவர் வந்தாலும் என் பெட்டியைத் திறந்து காட்டுவேன். ஆனால் வரிசையில் நின்ற ஆட்கள் ஆறு மாதமாக என்ன வாசித்துவிட்டு, எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பதற்கு என்னிடம் படிவம் இல்லை.

பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனைத் திறந்தபோதுதான் தெரியும், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன எங்கள் ஆட்களின் பஸ்களுக்குத் தந்திரிமலைப் பக்கம் விடியப்புறம் சுட்டிருக்கிறார்கள். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள், வாக்கு இன்னும் மன்னாரில் இருக்கிறவர்கள். நல்லகாலம், ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போய் வாக்களித்தும் விட்டார்கள். ஊருக்கு வந்து டீவியைப் போட்டேன். எல்லாச் சனலும் வெற்றிக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. 69 இலட்சம் வாக்கு, 52.25 வீதம். அனுராதபுரத்தில் ருவன்வெலிசாயவுக்கு முன்னால் பதவியேற்ற ஜனாதிபதி, சிங்கள மக்களின் வாக்கால்தான் வென்றேன் என்பதை ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. 2020இல் எங்கள் மையித்துகளை எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியிருக்க, நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்று டீவியில் இருந்து விளக்கம் தந்தார்கள். இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். அடக்குவதற்கு அனுமதி வந்தது 2021 பெப்ரவரி கடைசியில். 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்கு மன்னிப்புக் கேட்டது. சரி, அரசாங்கம் பிந்தியாவது கேட்டது. இரவு இரவாக அந்த விளக்கத்தை ஒளிபரப்பியவர்கள் கேட்டார்களா? நான் காணவில்லை. கண்டவர்கள் இருந்தால் கொமெண்டில் போடுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் வந்தபோது, 2019இல் மாலை போட்டவர்களே காலிமுகத்திடலில் கமராவோடு நின்றார்கள். ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடியதை நேரடியாகக் காட்டினார்கள். நாங்களும் சேர்ந்துதானே இவரைக் கொண்டுவந்தோம் என்று ஒரு செய்தி வாசிப்பாளர் ஒரு நாள் சொல்லியிருந்தால், அந்தச் சனலை நான் சாகும்வரை பார்த்திருப்பேன்.

இதில் அரச ஊடகம், தனியார் ஊடகம் என்று பெரிய வித்தியாசம் பார்க்க எனக்கு முடியவில்லை. லேக் ஹவுஸ் 1973இல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அன்றிலிருந்து எந்தக் கட்சி வந்தாலும் வந்தவருக்கே பாட்டு. தமிழில் வருவதும் அதே பாட்டுத்தான். தனியார் சனல் முதலாளியின் பாட்டைப் பாடும். தேர்தல் ஆணைக்குழு ஊடகங்களுக்கு வழிகாட்டல் போடலாம் என்று அரசியலமைப்பில் இருக்கிறது. அரச ஒலி, ஒளிபரப்பு மீறினால் அதன்மேல் ஓர் அதிகாரியைப் போடவும் வழி இருக்கிறது. தனியாரை என்ன செய்வது? கடிதம் எழுதலாம். ஒரு தேர்தலில் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வரமுதல் பெறுபேறு வந்துவிடும்.

எங்கள் ஆட்களின் ஊடகத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. தமிழில் எழுதுகிற எங்கள் இணையத்தளங்களும் முகநூல் பக்கங்களும் தேர்தலுக்குத் தேர்தல் வாழ்வது பயத்தில். இவர் வந்தால் பர்தா போய்விடும், அவர் வந்தால் மத்ரஸா போய்விடும், இன்னொருவர் வந்தால் குர்ஆன் மத்ரஸாவுக்குக் கட்டுப்பாடு. இந்த முறையும் வந்தது. சிங்களப் பத்திரிகை அவர்களுடைய ஆட்களைப் பயப்படுத்தி விற்கிறது, நாங்கள் எங்கள் ஆட்களைப் பயப்படுத்திக் கட்சி வளர்க்கிறோம். நான் ஷெயார் பண்ணிய வீடியோவும் அந்தக் கடையில் வாங்கியதுதான். உண்மையைச் சொன்னால், பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. "பார், நான் சொன்னேனே" என்கிற சந்தோஷம். அது வந்த இடத்திலேயே கையை நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னும் வெட்கமான விஷயம் ஒன்று. ஓகஸ்ட் கடைசியில் தேர்தல் கடமைப் பயிற்சி வகுப்பு. மண்டப வாசலில் யாரோ "சேர்" என்றார்கள். அந்த டீச்சர். ஐந்து வருடத்தில் கொஞ்சம் நரைத்திருந்தார். சுகம் விசாரித்துக்கொண்டோம். மகன் ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் எழுதப்போகிறானாம். இந்த முறை விடக்கூடாது என்று, நான் 2019இல் சொல்லாததைச் சொன்னேன். சீஐடியினர் நீதிமன்றத்தில் சொன்னதைச் சொன்னேன். டொக்டர் ஷாபியைத் திரும்ப வேலையில் எடுத்ததையும், கட்டாய விடுமுறைக் காலத்துச் சம்பள நிலுவை 26 இலட்சத்துக்கும் மேல் வந்ததையும், 2022இல் நாட்டில் மருந்தில்லாத நேரம் அந்த முழுப் பணத்தையும் மருந்து வாங்கச் சொல்லிச் சுகாதார அமைச்சுக்கே அவர் கொடுத்துவிட்டதையும் சொன்னேன். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

அவர் நிறைய நேரம் அதைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்களுக்கு இந்த நியூஸ் வரவே இல்லையே சேர்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, என்னை நம்பவில்லை என்பதுபோலவும் இல்லை. பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டார். "அப்போ எனக்கு என்ன நடந்தது?"

நான் டொக்டர் இல்லை. எனக்கு என்ன பதில் தெரியும்? சாதாரணமான ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். 2019இல் ஒரு நல்ல டொக்டரிடம் காட்டியிருந்தால் மருந்தும் இருந்திருக்கலாம். அந்தத் தலைப்புச் செய்தி வந்ததால் அவர் டொக்டரைத் தேடவில்லை. எதிரியைக் கண்டுபிடித்தாயிற்று, பிறகு மருந்து எதற்கு. இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அந்தப் பத்திரிகை எங்களுக்குச் செய்ததை நாங்கள் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அதை நம்பி வாசித்த அந்தப் பெண்ணுக்குச் செய்ததை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. வகுப்புக்கு மணி அடித்தது, உள்ளே போனோம். பின்வரிசையில் இருந்து அவர் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

அது நடந்து இரண்டு கிழமை ஆகவில்லை, நான் அந்த வீடியோவைப் போட்டேன்.

ஆகவே கேட்பது இதுதான். என் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை எடுத்தவர்கள், தயவுசெய்து அழித்துவிட்டு, நீங்கள் அனுப்பிய அதே குழுக்களுக்கு, அதே ஆட்களுக்கு, பிழை என்று ஒரு வரி அனுப்புங்கள். முழுப் பேச்சின் இணைப்பை முதல் கொமெண்டில் போட்டிருக்கிறேன். பேச்சு பிடிக்காவிட்டால் முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். 214 பேரில் எனக்குப் பெயர் தெரிந்த ஆட்கள் 163 பேர், மற்றவர்களின் பக்கங்கள் பூட்டியிருக்கின்றன. தெரிந்தவர்களுக்கு ஒவ்வொருவராக இன்பொக்ஸில் எழுதிக்கொண்டு வருகிறேன். நேற்று இரவு வரை 58 பேர். ஒன்பது பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று பேர் என்னையே ஏசினார்கள், எவ்வளவு காசு வாங்கினீர்கள் என்று ஒருவர். ஒருவர் மட்டும், "எந்த வீடியோ சேர்? ஞாபகம் இல்லையே" என்றார். வாக்குப் போட்டதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை.

மிச்சப் பேருக்கு இன்று இஷாவுக்குப் பிறகு எழுதுவேன். உங்கள் பெயர் அதில் இருந்தால், நான் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம்.